நகரத்தில் ஒரு நாள், பாலத்துக்கு அப்பால் ஒரு நாள்

கடந்த ஒக்டோபரில் பன்னிரண்டு நாட்கள் மொன்றியலில் இருந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த றெஜினா, செப்டெம்பர் கடைசியில் அழைத்து, ஒரு வீட்டை வாங்குவதா விடுவதா என்று வந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். அவளும் கணவர் அன்ரனும் இருபத்திரண்டு வருடமாக பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில், மூன்று தட்டு வீடொன்றின் நடுத்தட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுடைய தமிழ்க் கத்தோலிக்கப் பங்கை, அதாவது கோவில் சமூகத்தை, சேர்ந்த ஸ்ரெலா அக்கா, ஆற்றுக்குத் தெற்கே புரோசார்ட்டில் இருக்கும் தன் வீட்டை விற்றுவிட்டு மகனிடம் ஒட்டாவா போகிறார். முகவரிடம் கொடுப்பதற்கு முன் இவர்களிடம் கேட்டிருக்கிறார். பதினெட்டாம் திகதி வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும். அன்ரனுக்கு ஓம். றெஜினாவுக்குத் தெரியவில்லை.

என்னை ஏன் கேட்டாள் என்றால், நான் சுவிஸில் ஒரு நகரசபையின் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறேன். "நீ மப் கீறுற ஆள்தானே, வந்து அளந்து சொல்லு" என்றாள். அளப்பதற்கு முன்பே என்னிடம் பதில் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நகரங்கள் நெருக்கமாக இருக்கவேண்டும், மனிதர்கள் நடந்து போகவேண்டும், ஆளுக்கொரு புல்வெளியும் இரண்டு காரும் வைத்துக்கொண்டு வயல்வெளியை விழுங்கும் வட அமெரிக்கப் புறநகர் ஒரு பிழை. இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன். நான் பேர்னில் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். சலவை அறை எனக்கு இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய்தான் கிடைக்கும். அதையும் நாகரிகத்தின் ஒரு பகுதியாகவே எண்ணி வந்தவள் நான்.

போக நினைப்பவர்களுக்காக விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். சூரிச்சிலிருந்து நேரடி விமானம், எட்டு மணி இருபது நிமிடம், போகவர 760 பிராங்க். மொன்றியல் விமான நிலையத்திலிருந்து 747 பஸ். டிக்கெட் 11 டொலர் கொடுத்தேன் (இப்போது மாறியிருக்கலாம்). இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மெற்றோவுக்கும் அதே டிக்கெட் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கு ஏறினேன். நகரின் நடுவிலிருக்கும் பெரி மெற்றோவுக்கு 55 நிமிடம் பிடித்தது. அங்கிருந்து செம்மஞ்சள் வழி, பிறகு நீல வழி, பார்க் நிலையம். அதற்கு 20 நிமிடம். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு ஒன்பது நிமிட நடை.

பெட்டி பற்றி ஒரு எச்சரிக்கை. மொன்றியலின் பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியேதான். வளைந்து ஏறும் இரும்புப் படி, தெருவிலிருந்து நேரே இரண்டாம் தட்டு வாசலுக்கு. றெஜினா வீட்டுக்குப் பத்தொன்பது படி. இருபத்துமூன்று கிலோ பெட்டியோடு எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கும்போது, பனியில் இதை எப்படி ஏறுகிறார்கள் என்று கேட்டேன். மேலே கதவைத் திறந்துகொண்டு நின்ற றெஜினா, "இருபத்திரண்டு வருசமாக் கைபிடியிலை தொங்கிக்கொண்டு" என்றாள்.

முதல் குழப்பம் அங்கேயே தொடங்கியது. நெருக்கமான நகரம் என்றால் ஐந்து ஆறு மாடி என்று கண் பழகியிருக்கிறது. இங்கே மூன்று மாடிக்கு மேல் எதுவும் இல்லை. தெரு அகலம், மரங்கள் பெரிது, வானம் தெரிகிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு வாசலுக்கும் மூன்று தபால்பெட்டி, பின்னால் ஒழுங்கை, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் மறுபடியும் மூன்று. பேர்னில் எங்கள் தெருவில் இருப்பதைவிடக் குறைந்த ஆட்கள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இது ஐரோப்பாவும் இல்லை, நான் நினைத்து வந்த அமெரிக்காவும் இல்லை.

புதன்கிழமை றெஜினா வேலைக்குப் போகும்போது கூடவே போனேன். சிறு பிள்ளைகளைப் பார்க்கும் நிலையம், அங்கே எல்லோரும் கார்டெறி என்கிறார்கள். வாசலிலிருந்து ஏழு நிமிடம். வழியில் மரக்கறிக் கடை, மருந்துக் கடை, பங்கு கூடும் கோவில். றெஜினாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த இருபத்திரண்டு வருடத்தில் தேவைப்படவும் இல்லை. அன்ரனுக்குக் கதை வேறு. அவருடைய தொழிற்சாலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்கேயில் இருக்கிறது. காலை ஐந்து நாற்பதுக்குக் காரை எடுத்தால் முப்பத்தைந்து நிமிடம். பின்னேரம் பாலத்தில் நின்று நின்று வர ஒரு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். புரோசார்ட் வீட்டிலிருந்து அவருக்குப் பன்னிரண்டு நிமிடம். அவருக்கு ஐம்பத்தாறு வயது, முதுகு நோ. இவற்றை அவர் ஒரு தடவைதான் சொன்னார், சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பாராமல்.

நகரத்தில் இருப்பதன் மற்றப் பக்கத்தையும் பார்த்தேன். வியாழன் மாலை றெஜினா செபமாலை சொல்லி ஒரு பாட்டுப் பாடினாள். இரண்டாவது அடிக்கே கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டில் இடித்தார். அவள் குரலைத் தாழ்த்தி அந்தப் பாட்டை முடித்தாள். "அவருக்கு இரவு வேலை. அவரிலையும் பிழையில்லை" என்றாள் பிறகு.

இனி அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒக்டோபர் செபமாலை மாதம். இவர்களுடைய பங்கில் மாதா சுரூபம் ஒன்று, கையில் தூக்கிப்போகக்கூடிய சிறு சிலை, அந்த மாதம் முழுவதும் வீடு வீடாகப் போகும். முப்பத்தொரு நாள், முப்பத்தொரு வீடு. நேற்று வைத்திருந்த வீட்டார் இன்று மாலை குடும்பத்தோடு கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைப்பார்கள். அங்கே எல்லோரும் செபமாலை சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் பிரிவார்கள். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், இப்போது எதையும் கும்பிடுவதில்லை, ஆகவே வெளியாளாகத்தான் இதைச் சொல்கிறேன். எந்த நாள் எந்த வீடு என்ற பட்டியலை வைத்திருப்பவள் றெஜினா. ஆறு வருடத்துக்கு முன் வேறொருவரிடமிருந்து கைமாறி வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்த எனக்குப் பொறுக்கவில்லை. பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு நாள், மறுநாள் புரோசார்ட், திரும்ப பார்க் எக்ஸ்ரென்ஷன், பிறகு தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம், அடுத்து லொங்கேய், மறுபடி இங்கே. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு வீட்டுக்கு இடையில் பத்து நாள் இடைவெளி. திங்கட்கிழமை நன்றி நாள் விடுமுறை, வெளியே மழை. கடைசிப் பதினேழு வீடுகளையும் மப்பில் குறித்து, சுரூபம் போகும் தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 338 கிலோமீற்றர். நகரத்து வீடுகள் ஆறையும் முதலில், பிறகு தெற்குக் கரை, கடைசியாக மேற்கு என்று அடுக்கினால் 97. றெஜினாவிடம் காட்டினேன். அவள் பருப்பு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஏன் இவ்வளவு நாளும் இப்பிடிச் செய்யேல்லை" என்றாள். முன்பிருந்தவர் ஏன் அப்படிப் போட்டார் என்று அவளுக்கும் தெரியாது. பின்னேரம் நான்கு மணிக்கு எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அன்று எனக்கிருந்த திருப்தியை மறைக்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை புரோசார்ட் வீட்டைப் பார்க்கப் போனேன். அன்ரன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். மறுத்தேன். றெஜினா போவதுபோல், கார் இல்லாமல் போய்ப் பார்ப்பதற்குத்தானே வந்திருக்கிறேன். காலை 9.40 க்கு பார்க் மெற்றோ. ஒரு இடத்தில் மாறி, நடுநகரின் மத்திய ரயில் நிலையத்துக்கு வர 31 நிமிடம், மாடி ஏறி இறங்கி நடந்ததையும் சேர்த்து. அங்கிருந்து புதிய இலகு ரயில், சாரதி இல்லாதது, ஆற்றைப் பாலத்தில் கடக்கிறது. கடைசி நிலையமான புரோசார்ட்டுக்கு 18 நிமிடம். டிக்கெட் 5.50 டொலர். இடது பக்கத்து யன்னலில் இருந்தால் போகும்போது நகரம் முழுவதும் தெரியும்.

18 என்ற எண்ணை நான் குறிப்பேட்டில் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். நெருக்கமான நகரத்திலிருந்து நடுநகருக்கு 31 நிமிடம், பரந்து கிடக்கும் புறநகரிலிருந்து 18. என் பழைய பதிவுகள் எதிலும் இந்த எண் இல்லை.

ஆனால் நிலையத்தில் இறங்கியதும் என் பக்கம் வலுத்தது. நெடுஞ்சாலையின் ஓரத்தில், பெரிய கார்த் தரிப்பிடத்தின் நடுவே நின்றேன். வீட்டுப் பக்கம் போகும் பஸ் வர 26 நிமிடம் இருந்தது. தூரம் 2.4 கிலோமீற்றர், நடக்கலாம் என்று நடந்தேன். நடைபாதை அறுநூறு மீற்றரில் முடிந்தது. புல் ஓரத்தால் போனேன். கடைகள் ஒவ்வொன்றும் தன் கார்களுக்கு நடுவில் தீவாக நின்றன. மனிதர் எவரும் இல்லை. மனதுக்குள் வாக்கியங்களை எழுதிக்கொண்டே போனேன், அவ்வளவும் இந்தப் பதிவுக்குத்தான்.

அப்போது ஒரு சாம்பல் நிறக் கார் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிய மனிதருக்கு எழுபதுக்குக் கிட்ட இருக்கும். முகத்தைப் பார்த்துவிட்டு நேரே தமிழில் கேட்டார்.

"கார் எங்கை பழுதாப் போச்சு, பிள்ளை?"

கார் இல்லை, நடந்துதான் வந்தேன் என்றேன்.

"சும்மாவோ?" என்றார். "இஞ்சை நடந்து வாறவையைக் கண்டால் ஒண்டில் கார் பழுது, இல்லாட்டி வீட்டிலை சண்டை. ஏறுங்கோ."

பெயர் சூசை. றெஜினாவின் பெயரைச் சொன்னதும் உறவுமுறை கொண்டாடினார். மன்னார்க்காரர், ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. ஸ்ரெலா அக்காவின் வீடு அவருக்கு இரண்டு தெரு தள்ளி. ஓட்டிக்கொண்டே கைகாட்டினார். இந்த வளைவில் எங்கள் ஆட்கள் இரண்டு வீடு, அந்தப் பூங்காவுக்குப் பின்னால் மூன்று, சீனக் கடைக்குப் பக்கத்தில் ஒன்று. "நடந்தால் பத்து நிமிசம் எல்லாம். ஆனா ஒருத்தரும் நடக்கிறேல்லை. உங்களைப் பாத்து இனி நடப்பினமோ தெரியேல்லை."

பிறகு, நான் கேட்காமலே, பட்டியலுக்கு வந்தார். "நாளைக்கு மாதா என்ரை வீட்டை வரவேண்டியது. நேற்று ஆரோ லிஸ்டை மாத்திப்போட்டினம். இப்ப இருபத்திநாலாம் திகதியாம். பேந்து நான் குடுக்கிறது அடுத்த தெருவுக்காம். காரிலை நாலு நிமிசம். அதுக்கு நான் சேட்டை அயன் பண்ணவேணுமோ?"

முன்பு அவர் சுரூபத்தைப் பார்க் எக்ஸ்ரென்ஷனுக்குத்தான் கொண்டுபோவாராம். பின் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டு, பாலத்தைக் கடந்து. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றியது நான்தான் என்று சொல்லவில்லை.

வீட்டை ஸ்ரெலா அக்கா காட்டினார். மூன்று அறை, நிலத்தோடு ஒட்டிய குசினி, குசினிக் கதவைத் திறந்தால் பின்வளவு. பின்வளவில் ஒரு மேப்பிள் மரம், ஒரு கதிரை. அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனார். பத்து நிமிடம் இருப்போம் என்று கதிரையில் இருந்தேன். முப்பத்தைந்து நிமிடம் இருந்திருக்கிறேன். இலை விழும் சத்தம் கேட்டது, மிகையாகச் சொல்லவில்லை. றெஜினா இங்கே எந்தப் பாட்டையும் முழுக்குரலில் பாடலாம் என்று நினைத்தேன். பிறகு, எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அது எனக்கு உவப்பான நினைப்பாக இருக்கவில்லை.

திரும்பும்போது வேண்டுமென்றே றெஜினாவின் கார்டெறி வரை போய் நேரம் எடுத்தேன். நடை, ரயில், மெற்றோ, நடை. ஒரு மணி 24 நிமிடம். ஏழு நிமிடத்துக்குப் பதிலாக. அன்ரனுக்கு மிச்சமாவதையும் அவளுக்குக் கூடுவதையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அவளுக்குக் கூடுவது இரண்டு மடங்கு, ஆனால் முதுகு நோவது அவருக்கு. கணக்கு உதவவில்லை.

புதன்கிழமை சுரூபம் றெஜினா வீட்டில் இருந்தது. வியாழன் மாலை, என் புதிய பட்டியலின்படி, பிலோமினா அக்கா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் தனியே இருப்பவர், அறுபத்திரண்டு வயது, ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை. 340 மீற்றர்தான், ஆகவே காரில்லாமல் நடந்தே கொண்டுபோனோம். றெஜினா சுரூபத்தைத் தூக்கினாள், நான் குடையைப் பிடித்தேன், அன்ரன் முன்னால் போய் வீதியைப் பார்த்தார். எதிரே வந்த ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இதற்குத்தானே நகரம் என்று நினைத்தேன். இந்த நினைப்பு மூன்றாம் தட்டுக்குப் போகும் முப்பத்தெட்டுப் படியும் ஏறி முடியும்வரை நீடித்தது.

உள்ளே மேசை நிறைய ரோல்ஸ், கிழங்குக் கறி, இறால் பொரியல், இடியப்பம், கேசரி. நாற்பது பேருக்குச் சமைத்திருந்தார். வேலைக்கு லீவு போட்டிருந்தார். கதிரைகள் கீழ்வீட்டிலிருந்தும் வாங்கி அடுக்கியிருந்தன. செபமாலை ஏழு மணிக்கு. ஏழே கால்வரை பார்த்தோம். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர். என்னைத் தவிர எல்லோரும் அந்த நாலு தெருவுக்குள் இருப்பவர்கள்.

தெற்குக் கரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஏன் வரவேண்டும்? மாதா இந்தக் கிழமை முழுவதும் நகரத்தில், அடுத்த கிழமை தங்கள் பக்கம் வரும், அப்போது பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டார்கள். பழைய பட்டியலில் ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே. கொடுக்கும் வீட்டார் குடும்பத்தோடு பாலத்தைக் கடந்து வந்தே ஆகவேண்டும். கொடுப்பவரிடம் கார் இல்லாவிட்டால், மறுநாள் வாங்கும் வீட்டார் சுரூபத்தை ஏற்றிப்போகக் கார் கொண்டு வருவார்கள். கார் இல்லாத நகரத்து ஆட்கள் அந்தக் காரில் ஏறிப் புறநகருக்குப் போய்ச் செபமாலை சொல்லிச் சாப்பிட்டு வருவார்கள். பிலோமினா அக்கா ஒவ்வொரு ஒக்டோபரிலும் அப்படித்தான் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறார். வருடத்தின் மற்றப் பதினொரு மாதமும் அவர் பாலத்தைக் கடப்பதில்லை. நான் வீணென்று வெட்டிய 241 கிலோமீற்றர் அதுதான்.

செபமாலை முடிந்து, தட்டுகளைக் கொடுக்கும்போது அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"லிஸ்ட் இந்தமுறை ஆர் போட்டது?"

"நான்தான் அக்கா" என்றாள் றெஜினா, நான் வாயைத் திறப்பதற்கு முன்.

"ஓம், கிட்டக் கிட்டப் போட்டிருக்கிறாய். சுகம்தான்." இரண்டாம் தடவையாக எனக்கு இறால் போட்டார். "அப்ப புரோசார்ட்டுக்கு நான் எப்பிடிப் போறது?"

ரயிலில் பதினெட்டு நிமிடம் என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. நான்தான் மாற்றினேன், யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொன்னேன். பிலோமினா அக்கா "நீங்கள் வெளியாலை இருந்து வந்தனீங்கள்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டு, றெஜினா பக்கம் திரும்பினார். ஸ்ரெலாவின் வீட்டைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. போகாதே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "நீ எடு பிள்ளை. நீ அங்கை இருந்தால் எனக்குப் போய் நிக்க ஒரு வீடு."

இரவு படுக்கையில் ஒரு தாளில் வீடுகளைத் திரும்ப எண்ணினேன். முப்பத்தொரு வீட்டில் நகரத்தில் பன்னிரண்டு, ஆற்றுக்கு அப்பாலும் மேற்கிலும் பத்தொன்பது. புரோசார்ட்டில் ஒரு பூங்காவைச் சுற்றி மட்டும் ஆறு. றெஜினா வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் நான்கு. நான் பதினைந்து வருடமாக ஒரு சதுர கிலோமீற்றருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டு நிறம் தீட்டுகிறேன். அந்த மப்பில் பார்க் எக்ஸ்ரென்ஷன் கருஞ்சிவப்பாக இருக்கும், புரோசார்ட் வெளிர் மஞ்சள். றெஜினாவுக்கு வேண்டிய ஆட்களை மட்டும் எண்ணித் தீட்டினால் நிறம் மாறிவிடுகிறது. எது சரியான மப் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சரி என்று சொல்வது தப்பித்தல் என்றும் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை றெஜினா நான்கு மணிக்கே வந்துவிட்டாள். அன்ரன் வர ஐந்தாகும். அவளிடம் என் முடிவைச் சொன்னேன்: வீட்டை எடு. ரயில் இருக்கிறது, உன் ஆட்கள் அங்கேதான் கூட இருக்கிறார்கள், அன்ரனின் முதுகுக்கும் நல்லது, நீ பாடலாம். இவ்வளவு காலம் நான் எழுதி வந்ததற்கு நேர் எதிரான பதிலைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தும்விட்டது.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீ சொல்லுறது எல்லாம் சரி, கௌரி. ஆனா நேற்று அக்கா கேட்டாவெல்லே, நான் எப்பிடிப் போறதெண்டு. இஞ்சை அவ வருசத்திலை ஒருமாசம்தான் அப்பிடிக் கேக்கிறா. அங்கை போனால் நான் ஒவ்வொரு நாளும் கேக்கவேணும். காலமை இந்தப் படியாலை இறங்கேக்கை நான் ஒருத்தரையும் கேக்கிறேல்லை."

கார் ஓட்டப் பழகலாமே என்றேன். பழகலாம்தான் என்றாள். பஸ் இருக்கிறது என்றேன். இருக்குத்தான் என்றாள். என்னுடைய ஒவ்வொரு விடையையும் ஒப்புக்கொண்டே போனாள். அதனால் அவளை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஐந்து ஐந்துக்கு அன்ரன் வந்தார். இருவரும் அறைக்குள் போய்க் கதைத்தார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை. ஐந்து முப்பத்தைந்துக்கு றெஜினா வெளியே வந்து, குசினியில் நின்றபடி ஸ்ரெலா அக்காவுக்கு அழைத்தாள். "இல்லை அக்கா. எங்களுக்குச் சரிவராது. ஓம், யோசிச்சுத்தான்." அதற்குப் பிறகு அக்காவின் மகனையும் பேரப்பிள்ளையையும் பற்றி நெடுநேரம் சுகம் விசாரித்தாள்.

அன்ரன் தேத்தண்ணி போட்டு எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. எதிர்க் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"நீங்கள் வராட்டி அவ ஓமெண்டிருப்பா."

நான் வீட்டை எடுக்கத்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அதனால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. என் பட்டியல் இல்லாவிட்டால் பிலோமினா அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். நான் சரியென்று வருடக்கணக்காக எழுதி வந்த பக்கம் வென்றது. வென்றது என் காரணங்களால் இல்லை. நானே அதைக் கைவிட்ட அன்றே, என்னுடைய ஒரு பிழையால். நெருக்கமான நகரம் நல்லது என்பதற்கு இது சான்றா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அன்ரன் தினமும் பாலத்தில் நிற்கும் அந்த ஒரு மணி நேரமும் இந்த நல்லதுக்குள் அடங்குகிறதா என்றும்.

இதே ஆராய்ச்சியோடு மொன்றியல் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஒக்டோபர் நடுப்பகுதி நல்ல காலம். பகலில் பத்துப் பன்னிரண்டு பாகை, மழைக்கு ஒரு மேலங்கி போதும், மேப்பிள் இலைகள் இருக்கும். நகரத்துக்குள் தங்குவதென்றால் எத்தனையாம் தட்டு, படி உள்ளேயா வெளியேயா என்று முன்பே கேளுங்கள். பெட்டி பதினைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். தெற்குக் கரைக்கு ரயில் மலிவு, வேகம், சுத்தம். ஆனால் ரயில் நேரத்தோடு கணக்கை முடிக்காதீர்கள். இறங்கிய பின் வரும் கடைசி இரண்டு கிலோமீற்றரை மதியத்தில் ஒரு தடவையும் மழையில் ஒரு தடவையும் நடந்து பாருங்கள். பஸ் நேரங்களை முன்கூட்டியே பாருங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஒரு போஞ்சூர் சொல்லித் தொடங்கினால் கதை சுமுகமாகப் போகிறது. யாராவது உங்களை வீடு பார்த்துச் சொல்ல அழைத்தால் போங்கள், பாருங்கள். அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் எதையும் போய் இறங்கிய கிழமையிலேயே திருத்திக் கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை காலை றெஜினா மீதிப் பட்டியலைப் பழைய ஒழுங்குக்கு மாற்றி அனுப்பினாள். பாதியில் திருத்தியதால் மூன்று வீட்டுக்கு நாள் மாறிப்போனது, இரண்டு பேர் மனம் நொந்தார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். நான் ஞாயிறு மாலை விமானம் ஏறிவிட்டேன்.

டிசெம்பரில் அழைத்தாள். ஸ்ரெலா அக்காவின் வீடு விற்றுவிட்டது. வாங்கியது அவர்களுடைய பங்கிலேயே ஒரு குடும்பம், பார்க் எக்ஸ்ரென்ஷனில் றெஜினாவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர்கள். ஸ்ரெலா அக்கா போனதால் தெற்குக் கரையில் ஒன்று குறைந்தது, இவர்கள் போவதால் அதே ஒன்று கூடுகிறது. நகரத்தில் குறைந்தது குறைந்ததுதான். அடுத்த வருடப் பட்டியலில் இங்கே பதினொரு வீடு, அங்கே பத்தொன்பது. இம்முறையே சில தடவை அந்தப் பக்கம் இரண்டு நாள் தொடர்ந்து வந்தது; இனி அது இன்னும் கூடும், முப்பத்தொரு நாளுக்கு ஒரு வீடும் குறைகிறது.

"நீ மப் கீறுற ஆள்தானே" என்றாள். "எப்பிடிப் போடலாம், சொல்லு."

தாளை எடுத்து மூன்று விதமாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். எதையும் இன்னும் அவளுக்கு அனுப்பவில்லை.